புல்லட் "ஏர் எடுக்குது"ன்னா என்ன? இன்ஜினைப் பிரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது



சில மாதங்களுக்கு முன்பு வேப்பம்பட்டில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வாங்கியாச்சு, பழைய கடன் தவணை வரவு வைத்தாச்சு. கடைசியாக ஒரு அக்கா எழுந்து உள்கடன் 18,000 ரூபாய் வேணும்னு கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டால், "மாமனாரோட புல்லட்டை ரிப்பேர் பண்ண" என்றார்கள். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ஆனால் அந்த அக்கா சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். வீட்டில் பல வருஷமாக ஓடாமல் நின்ற பழைய புல்லட் ஒன்று இருக்கிறது. அதைச் சரி செய்து விற்று, மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க வேண்டும். கழுவி, பெயின்ட் அடித்து, டயர், செயின் எல்லாம் மாற்றி முடித்துவிட்டார்கள். ஆவடியில் இருந்து ஒருவர் வாங்க வந்தார். கிக்கர் அடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இரைந்துகொண்டே இருந்து, பிறகு படபடவென்று அணைந்துவிட்டது. இரண்டு தரம், மூன்று தரம் அதே கதை. வந்தவர் பேசின விலையில் பாதிதான் தருவேன் என்று சொல்லிப் போய்விட்டார். ஒரு பட்டறையில் காட்டியதற்கு, "இன்ஜின் பிரிக்கணும், போர் பண்ணணும், பிஸ்டன், வால்வு எல்லாம் மாத்தணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் வட்டி மட்டுமே 270 ரூபாய். கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

தீர்மான நோட்டில் எழுதப் பேனாவை எடுத்த ஊக்குநர் சட்டென்று நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கறவை மாட்டுக்குக் கடன்னா நாம போய் மாட்டைப் பார்க்கிறோம், பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம். இதுல எதைப் பார்க்கிறது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும்தான். நான் படித்த சமூகப்பணிப் படிப்பில் கார்புரேட்டர் பாடம் கிடையாது! கடனை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். ஆவடியில் பழைய புல்லட் வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவரை அந்த அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தோம். குழுவில் இருந்து நாலு பேர் கூடவே இருந்து பார்த்தோம். அன்றைக்குப் பார்த்ததையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம்ம பக்கத்தில் பழைய புல்லட் நிறைய வீடுகளில் கிடப்பதற்குக் காரணம் உண்டு. வண்டி பிறந்த ஊரே பக்கத்தில்தான். இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் 1970-ல் தயாரிப்பு நின்றுபோன பிறகும் நம்ம ஊரில் நிற்கவில்லை. பட்டாளத்திலும் போலீசிலும் அந்த வண்டிதான். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் வீடுகளில் ஒன்றாவது தார்ப்பாயில் மூடிக் கிடக்கும். அந்தப் பழைய இரும்பு இன்ஜின் வண்டிக்கு இன்றைக்கும் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரியவர் வண்டியை ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். "இது ஏர் எடுக்குதும்மா" என்றார்.

இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் பாதி காற்றுதான் வாய்க்கு வரும். இன்ஜினும் அப்படித்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலில் காற்று கார்புரேட்டர் வழியாக ஓடும்போது பெட்ரோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. எடைக்கு எடை பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று. இந்த அளவை வைத்துக்கொள்வதுதான் கார்புரேட்டருடைய வேலையே. ஆனால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், பேக்கிங் போட்டு நட்டு முடுக்கியிருக்கிற இடத்தில், மயிரிழை அளவு சந்து இருந்தாலும் அது வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்விடும். அதோடு பெட்ரோல் போகாது. கலவை நீர்த்துவிடும். மெக்கானிக்குகள் இதை "லீன்" என்று சொல்வார்கள்.

இது எண்ணெய் ஒழுகுகிற மாதிரி, டயர் பஞ்சர் மாதிரி வெளியே வருகிற கசிவு இல்லை. உள்ளே இழுக்கிற கசிவு. கறை தெரியாது, சத்தமும் சாதாரணமாகக் கேட்காது. அதனால்தான் பல பேர் இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்டேன். வேகமாகப் போகும்போது வண்டி நன்றாகத்தானே இழுக்கிறது, நிற்கும்போது மட்டும் ஏன் தகராறு? ஒரு கைப்பிடி உப்பை அண்டா சோற்றில் போட்டால் பெரிதாகத் தெரியாது. அதே கைப்பிடியை ஒரு தட்டு சோற்றில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கியிருக்கும்போது இன்ஜினுக்குள் போகிற காற்றே ஏராளம், அதில் கசிவுக் காற்று ஒரு பொருட்டில்லை. ஐடிலிங்கில் நிற்கும்போது போகிற காற்று கொஞ்சம், உறிஞ்சலோ பலமாக இருக்கும். அப்போது சந்து வழியாக வருகிற காற்று கலவையையே மாற்றிவிடும். இன்ஜின் ஒரு நேரம் எகிறும், ஒரு நேரம் தணியும், ஒரே சீராக நிற்காது.

அடையாளங்களைக் கேட்டுக்கொண்டோம். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இரைச்சல் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டு நிற்பது முதல் அடையாளம். இன்ஜின் சூடான பிறகும் சோக் இழுத்தால்தான் ஓடுவேன் என்பது அடுத்தது. சூடான இன்ஜினுக்கு சோக் தேவையே இல்லை. சோக் போட்டதும் நன்றாக ஓடினால் கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த அக்கா வண்டியின் பிளக் வெளுத்துத்தான் இருந்தது. இன்ஜின் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறுவதும், கார்புரேட்டர் பக்கம் "டப்"பென்று திருப்பி அடிப்பதும் உண்டு.

இதில் ஒரு சிக்கல். பல வருஷம் நின்ற வண்டியின் டேங்கில் துரு இருக்கும். அது வந்து கார்புரேட்டரின் சின்ன ஜெட்டை அடைத்துக்கொண்டாலும் இதே அடையாளங்கள் தெரியும். அதனால் பெரியவர் முதலில் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, காற்று அடித்துத் திரும்ப மாட்டினார். கொஞ்சம் தேவலை ஆனது, முழுசாகச் சரியாகவில்லை. அதற்குப் பிறகுதான் கசிவைத் தேட ஆரம்பித்தார். "முதல்ல கஞ்சம் புடிச்ச வேலை, அப்புறம்தான் செலவு புடிக்கிற வேலை" என்பது அவர் பேச்சு.

கசிவை எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? துணி துவைக்கிற சோப்பைக் கரைத்து, ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டு, ஓடுகிற இன்ஜினில் கார்புரேட்டர் சேருகிற இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். மேல் பக்கம் தடவினார், சத்தத்தில் மாற்றமில்லை. வலது ஓரம் தடவினார், மாற்றமில்லை. இடது கீழ் ஓரத்தில் தடவின உடனே இன்ஜின் சத்தம் அமுங்கியது, ஒரு நொடி தடுமாறியது. சந்து சோப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, அந்த நேரத்துக்கு அடைபட்டது. "பார்த்தீங்களா, குடிக்குது பாருங்க" என்றார். எங்கள் நாலு பேரில் ஒருவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அதே இடத்தில் அதே தடுமாற்றம். இதற்குப் பேர்தான் கையும் களவுமாகப் பிடிப்பது!

சில பட்டறைகளில் இதையே பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள், ஸ்பிரேயும் அடிப்பார்கள். சூடான இன்ஜின், பக்கத்தில் தீப்பொறி. தயவுசெய்து வீட்டு வாசலில் அதைச் செய்ய விடாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும். வண்டியை ஓட விட்டுப் பார்க்கும்போது திறந்த வெளியில்தான் நிறுத்த வேண்டும், மூடின கொட்டகைக்குள் புகை விஷம். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பின்னலை முன்னால் தொங்க விடாதீர்கள், சைலன்சர் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றினார். பழைய பேக்கிங் காகிதம் கருகி, ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. அது மட்டும்தான் கோளாறு என்று நினைத்தோம். அவர் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, கார்புரேட்டரில் நட்டு போடுகிற தட்டையான முகத்தின் மேல் நிமிர்த்தி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். இரண்டு ஓரமும்தான் ஸ்கேலைத் தொட்டன, நடுவில் சந்து வழியாக வெளிச்சம் தெரிந்தது. முகம் வில் மாதிரி வளைந்திருந்தது. காரணம் என்னவென்றால், இதற்கு முன்னால் யாரோ கசிவை நிறுத்துகிறேன் என்று இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் முடுக்கியிருக்கிறார்கள். கார்புரேட்டர் மெல்லிய உலோகம், முடுக்க முடுக்க இரண்டு காதும் வளையும், சந்து பெரிதாகும். பெரிதானதும் இன்னும் முடுக்குவார்கள். இப்படியே போகும்.

இதற்கு மருந்து முடுக்குவது இல்லை, தட்டையாக்குவது. ஒரு கனமான கண்ணாடித் துண்டின் மேல் நைசான எமரித் தாளை விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கார்புரேட்டர் முகத்தை அதன் மேல் வைத்து மெதுவாகத் தேய்த்தார். நேராக இழுக்கக் கூடாதாம், லைசென்சுக்கு 8 போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டுமாம். நடுநடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்த பிறகு ஒரு பொடி கூட உள்ளே தங்காமல் பெட்ரோலில் கழுவினார். எமரித் தூள் இன்ஜினுக்குள் போனால் பிஸ்டனைத் தின்றுவிடும்.

அப்புறம் பேக்கிங். கேஸ்கெட் தாளை வைத்து அச்சு எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். இதை நம்ம தையல் குழுப் பெண்கள் இன்னும் சுத்தமாக வெட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஓட்டை மட்டும் காற்று வழியை மறைக்காத அளவில் இருக்க வேண்டும். பேஸ்ட் அப்பி அடைக்கலாமே என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோல் பட்டால் ஊறி உரிந்து வரும், உரிந்தது உள்ளே போகும். எம்-சீல் வைத்து வெளிப்பக்கம் பூசுவதும் நாலு நாள் கதைதான். கடைசியில் இரண்டு நட்டையும் கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று மாற்றி மாற்றி முடுக்கினார். இறுகியதும் நிறுத்திக்கொண்டார். ஸ்பேனரில் தொங்கவில்லை.

உங்க வீட்டு வண்டி இப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. பின்னால் வந்த புல்லட்டுகளில் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ரப்பர் குழாயும் கிளிப்பும் இருக்கும். அந்த ரப்பர் நம்ம ஊர் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் காய்ந்து கெட்டியாகி, மடிப்புகளில் வெடித்துவிடும். கையால் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, புதுசு போடணும். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இந்தச் சாமான் கிடைக்கும். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023-ல் இருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. அதோடு எத்தனாலே கலவையைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யும். அதனால் முன்னால் பொறுத்துக்கொண்ட சின்னக் கசிவை இப்போது பழைய வண்டி பொறுத்துக்கொள்ளாது.

பேக்கிங்கில் தீராத கசிவும் உண்டு, மறைக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்குகிற ஸ்லைடு தேய்ந்து லொடலொட என்று இருந்தால் அதன் ஓரமாகவே காற்று போகும். உள்ளே காற்று விடுகிற வால்வின் கைடு தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். கார்புரேட்டரையே மாற்ற வேண்டி வரலாம், ஹெட்டைக் கழற்ற வேண்டி வரலாம். சைலன்சர் பைப் ஹெட்டில் சேருகிற இடம் லூசாக இருந்தாலும் ஆக்ஸிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. போர் பண்ணுவது என்பது தனிக் கதை. நீலப்புகை விடணும், ஆயில் குறையணும், கிக்கர் பலமில்லாமல் இறங்கணும். அந்த அக்கா வண்டியில் மூன்றும் இல்லை. கிக்கர் மேல் ஏறி நின்றாலும் எதிர்த்து நின்றது.

புல்லட்டோடு முடித்துவிட்டால் பாதிப் பேருக்குப் பிரயோஜனம் இல்லை. நம்ம வீடுகளில் புல்லட்டைவிட அதிகம் இருப்பது டி.வி.எஸ். மொபெட்தான். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-யும் அதற்குப் பின் வந்த பழைய எக்ஸ்.எல். வண்டிகளும் டூ-ஸ்ட்ரோக். பூ, கீரை, பால் எல்லாம் அதில்தான் போனது, இன்றைக்கும் சிலர் ஓட்டுகிறார்கள். புல்லட் ஏர் எடுத்தால் தொல்லை. டூ-ஸ்ட்ரோக் வண்டி ஏர் எடுத்தால் நாசம். ஏனென்றால் அதில் பிஸ்டனுக்குப் போகிற ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் கூடவே குறைகிறது. சூடும் ஏறுகிறது, வழவழப்பும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆளையே கீழே தள்ளிவிடும். சரக்கு ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போகிற நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

டூ-ஸ்ட்ரோக்கில் கசிவு வருகிற இடம் கூடுதலாக ஒன்று உண்டு. இன்ஜின் அடிப்பெட்டியில் இருந்து தண்டு வெளியே வருகிற இடத்தில் இருக்கிற ஆயில் சீல். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அது காய்ந்து உதடு சுருங்கியிருக்கும். மேக்னெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் சோப்புத் தண்ணீர் எட்டாது. தெரிந்த மெக்கானிக்குகள் சைலன்சர் வழியையும் கார்புரேட்டர் வழியையும் அடைத்து, பி.பி. பார்க்கிற கருவியின் பம்பையும் முள் மீட்டரையும் மாட்டிக் காற்றை ஏற்றிப் பார்ப்பார்கள். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையில் கட்டி அமுக்குவார்களே, அதே கருவிதான். 250 வரை ஏற்றிவிட்டு முள் சில நிமிஷம் இறங்காமல் நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. மளமளவென்று இறங்கினால் கசிவு. இதைப் படித்துவிட்டு வீட்டில் பி.பி. கருவியை யாரும் கழற்ற வேண்டாம்! மெக்கானிக்கிடம், "சீலுக்கு காத்து அடிச்சுப் பார்த்தீங்களாண்ணே?" என்று கேட்டால் போதும். பல வருஷம் நின்ற மொபெட்டைத் திரும்ப ஓட்டப் போகிறீர்கள் என்றால், பெயின்ட் அடிக்கிற காசில் முதலில் சீலை மாற்றுங்கள்.

இப்போது அந்தக் குழுவில் வண்டி ரிப்பேருக்குக் கடன் கேட்டால் ஊக்குநர் சில கேள்விகள் கேட்கிறார். பிளக் என்ன நிறம்? சூடான பிறகு சோக் கேட்கிறதா? புகை என்ன நிறம்? இணைப்பில் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார்களா? பட்டறையில் என்னென்ன மாற்றப் போகிறார்கள் என்று தனித்தனியாக எழுதி வாங்கினீர்களா? பதில் தெரியாவிட்டால் கடன் இல்லை என்று சொல்வதில்லை, கேட்டுக்கொண்டு வாருங்கள் என்கிறார். போன மாதம் ஒருவர் இந்தக் கேள்விகளோடு போனதும் பட்டறைக்காரர், "உங்க குழுவுல மெக்கானிக் இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

பழைய வண்டி விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்ஜின் நன்றாக இருந்தும் ஆர்.சி. புத்தகம் காலாவதி ஆகியிருந்தால் விலை இறங்கும்.

அன்றைக்கு பெரியவர் கூலி, பேக்கிங், புது பிளக், பெட்ரோல் குழாய் எல்லாம் சேர்த்து ஆன செலவு 1,150 ரூபாய். அந்த அக்கா 18,000-க்கு எழுதின விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு 1,500 கேட்டார், அன்றே கொடுத்தோம். பெரியவர் கிக்கரை மிதித்தபோது வண்டி ஒரே அடியில் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் இறங்கி, டுப்... டுப்... டுப்... என்று நின்றது. திண்ணையில் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதுவரைக்கும் விற்கச் சம்மதம் சொன்னவர் அன்று இரவு சாப்பிடவில்லையாம். இரண்டு நாள் கழித்து பேத்தியைக் கூப்பிட்டுப் பின்னால் உட்கார வைத்து, திருநின்றவூர் வரை ஒரு தடவை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். அதற்கு அடுத்த வாரம் ஆவடிக்காரர் வந்து முதலில் பேசின முழு விலையையும் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு கல்லூரியில் பணம் கட்டியாகிவிட்டது.